கழிசல் கட்டு

காசிமேட்டில் படகு வந்ததும் மீனைக் கொட்டிப் பிரிப்பார்கள். நல்லது ஒரு பக்கம். கழிசல் ஒரு பக்கம். வாங்க வருகிறவர்கள் நல்ல மீனைச் சுற்றி நிற்பார்கள். அந்தம்மா மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழிசல் பக்கம் குந்திவிடுவார்.

பிரிக்கிற பொம்பளைகள் சிரிப்பார்கள்.

"இன்னா டாக்டரம்மா, வஞ்சிரம் இங்க கீது. அங்க இன்னாத்தக் கிளறிக்கினு கீற?"

"நீங்க என்னத்தத் தள்ளுனீங்கன்னு பாக்கேன்."

"அது கோழித் தீவனத்துக்குப் போறதும்மா."

"போவட்டும். பாத்துட்டு அனுப்புதேன்."

சில நாள் அதில் ஒரு நல்ல மீன் இருக்கும். அவசரத்தில் கை தப்பி விழுந்திருக்கும். அதை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். வாங்க மாட்டார். நல்ல குவியலில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். அவர் மீன் சாப்பிடுவதே இல்லை.

அந்தம்மா எப்படி என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

டாக்டர்தான். ஆனால் ஊசி போட மாட்டார். மாத்திரை எழுத மாட்டார். நாள் முழுக்கக் காகிதம் படிப்பார். எங்கள் தெருவில் பேப்பர் டாக்டர் என்று பேர் வைத்தார்கள். அவர் காதிலும் விழுந்தது. "சரியாத்தான வச்சிருக்கான்" என்றார்.

ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே ஆபீஸ். நோய் ஆராய்ச்சி பண்ணுகிற டிரஸ்ட். கூட்டித் துடைத்து டீ போட ஆள் கேட்டார்கள். நாலைந்து பேர் போனோம். டைரக்டர் ஒருத்தியை எடுத்துக்கொண்டார். நான் அவர் முன்னால் இருமிவிட்டேன். போகச் சொல்லிவிட்டார். படியில் இறங்கும்போது மேலே ஒரு குரல் கேட்டது.

"வேண்டாம்னு சொன்னவங்க எங்க?"

"போயிட்டாங்க மேடம்."

"ஏன் வேண்டாம்?"

"அவங்க இருமுறாங்க. ஆபீசுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"மூச்சு நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதோம். இருமுறவள வெளிய அனுப்பிட்டு யாரப் பத்தி எழுதுவீரு?"

அந்தம்மா படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, மேல வா."

ஏட்டி என்றால் அவர் ஊர்ப்பக்கம் பெண்ணைக் கூப்பிடுவது. தூத்துக்குடி பக்கம். முதலில் திட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

எனக்கு இருமல் வந்தது யார்டில். திருவொற்றியூர் போகிற வழியில் ஒரு தனியார் நிலக்கரி யார்டு இருந்தது. எங்கள் வீடு அதன் பின்பக்கம். கரி மலை மாதிரி குவிந்திருக்கும். மேலே ஒன்றும் மூட மாட்டார்கள். லாரியில் ஏற்றும்போது சிந்துகிற கரியை நாங்கள் கூட்டி அள்ளுவோம். கூட்டுகிறது எல்லாம் பொம்பளைகள். காற்று அடித்தால் கொடியில் துணி கருப்பாகும். தயிர் சோறு கருப்பாகும். குழந்தைகளுக்கு இழுக்கும்.

தெருக்காரர்கள் கேஸ் போட்டோம். யார்டுக்காரர் சொன்னார், கரித்தூள் சுரங்கத்துக்குள்ளே இருக்கிறவனுக்குத்தான் கெடுதல், வெளியே காற்றில் கலந்து போய்விடும், தெருவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று. விசாரிக்கிற ஆபீசர், உலகத்தில் இதைப் பற்றி என்ன ஆராய்ச்சி இருக்கிறதோ இரண்டு தரப்பும் கொண்டுவாருங்கள் என்றார். கெடுதல் என்று தெரிந்தால் குவியலை மூட வேண்டும். இல்லை என்றால் கேஸ் முடிந்தது. எங்கள் தரப்புக்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டது அந்தம்மா.

என்ன வேலை என்று நான் ஒரு நாள் கேட்டேன். டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்.

"கரித்தூள் பத்தி ஊருலகத்துல ஆயிரக்கணக்குல எழுதி வச்சிருக்கான். எல்லாம் நமக்கு ஆவாது. ஒருத்தன் எலிக்குக் குடுத்துப் பாத்திருப்பான். ஒருத்தன் சுரங்கத்த எழுதியிருப்பான். ஒவ்வொண்ணையும் ரெண்டு பேரு தனித்தனியா படிக்கணும். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. வேணும், வேண்டாம்னு பிரிக்கணும்."

"மீன் பிரிக்கிற மாதிரி" என்றேன்.

"ஆமா. வேண்டாங்கிற மீனுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?"

"கழிசல்."

அதற்கு அவர்கள் ஏதோ இங்கிலீஷில் பேர் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அது கழிசல். காகிதத்தைக் கட்டாகக் கட்டி மேலே ஸ்கெட்ச் பேனாவில் கழிசல் என்று எழுதுவது என் வேலை. எனக்கு அஞ்சாவது வரை படிப்பு. அந்த வார்த்தையை நன்றாக எழுதுவேன்.

அந்தம்மா நல்லவர்தான், ஆனால் கூட இருப்பது கஷ்டம். டைரக்டரின் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்ப்பார். சமையலுக்கு யாரும் நிலைக்கவில்லை. நறுக்கிப் போட்ட காய்கறிக் காம்பை எடுத்து வைத்துக்கொண்டு இது ஏன் போச்சு என்று கேட்டால் யார் இருப்பார்கள்? தண்டையார்பேட்டையில் அவர் அண்ணனுக்கு அரிசி மண்டி. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்று போட்டோவை எடுத்துக்கொண்டு அண்ணன் ஆபீசுக்கே வந்தார், இதில் ஒன்றைச் சொல்லு என்று.

"தள்ளுன போட்டோ எங்க?"

"அது எதுக்கு உனக்கு?"

"எதுக்குத் தள்ளுனீக?"

"ஒருத்தன் கறுப்பு. ஒருத்தன் குட்டை. ஒருத்தனுக்குக் கடை இல்ல, சம்பளம்."

"பிள்ளைகிட்ட அந்தப் போட்டோவைக் காட்டுனீகளா?"

அண்ணன் எழுந்து போய்விட்டார். டீயைக் குடிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அந்தப் படியேறி நான் பார்க்கவில்லை. அந்தம்மாவுக்கு அது வருத்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொன்னார். ஆனால் கேட்டது தப்பு என்று சொல்லவில்லை.

இரண்டாவதாகப் படிக்கிற டாக்டர் ஒருத்தர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாதி கூட முடியவில்லை. டைரக்டர் வந்தார்.

"மேடம், ரெண்டாவது ஆள் இல்லாம செல்லாது. விசாரணைக்கும் நாள் இல்ல. மூடிடலாம்."

"ரெண்டாவது ஆள் வருது" என்றார்.

வந்தது ஒரு சிடி. வெளியூரில் காலேஜில் சொல்லிக்கொடுக்கிற அவர் சிநேகிதி அனுப்பியது. கம்ப்யூட்டரில் போட்டார். நாம் கொஞ்சம் படித்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று காட்ட வேண்டும். அது வார்த்தைகளைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். அப்புறம் மிச்சத்தை வரிசை போடும். வேண்டியது மேலே. வேண்டாதது கீழே.

டைரக்டர் சிரித்தார். "மிஷினா ரெண்டாவது ஆள்? அதுக்கு எம்.பி.பி.எஸ். இருக்கா?"

"உமக்கு இருக்கா?"

டைரக்டர் பி.காம்.

என் வீட்டுக்காரருக்கு மீன்பாடி வண்டி. அப்போதே மூன்று சக்கரத்தில் மோட்டார் வைத்துவிட்டார். காகிதம் ஏற்றி வருவார். ஒரு தரம் வாசலில் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, டப்பா டாக்டருக்குப் படிக்குதாமே?"

"படிக்கல. வார்த்தைய எண்ணுது."

"எனுக்கும் படிக்க வராது. எண்ண வரும். ஒரு வேல போட்டுக் குடேன்."

"உம்ம பொண்டாட்டிகிட்ட கேளும். அவதான் இங்க மேனேஜர்."

அன்றைக்கு அவர் சிரித்ததுதான் நான் பார்த்ததில் பெரிய சிரிப்பு.

மிஷின் வேகம். ஒரு மாசத்து வேலையை ஒரே மத்தியானத்தில் வரிசை போட்டுவிட்டது. டைரக்டருக்கு மிஷின் மேல் ஆசை வந்துவிட்டது. திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தக் கோட்டுக்குக் கீழ எதுவும் தேவையில்ல மேடம். அதுவே தள்ளிடுச்சு. மேல இருக்கறத மட்டும் படிச்சு முடிங்க."

"மிஷின் வேண்டாம்னது நீருதான?"

"அது அப்போ."

"அப்பவும் சரி இப்பவும் சரி, நான் ஒண்ணுதான் சொல்லுதேன். வரிசைய அது போடட்டும். தள்ளுறது நான். தள்ளுனா என் பேரு அதுல இருக்கணும்."

கோட்டுக்குக் கீழே இருந்ததை பிரிண்ட் எடுத்தார். அச்சாபீசில் ஒரு பக்கம் பாழான காகிதம் வாங்கி அதில் எடுத்தார். நான் சீட்டு மாதிரிக் குலுக்கிக் கலைத்துக் கொடுக்க வேண்டும். நடுவிலிருந்து, அடியிலிருந்து உருவுவார். படிப்பார். கழிசல் என்பார். அடுத்தது. கழிசல். அடுத்தது.

ஒன்றை எடுத்தவர் அதைத் தனியே வைத்தார். இன்னொன்றை உருவினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏட்டி. யார்டுல ஆம்பளைங்க கூட்டுவாங்களா?"

"மாட்டாங்க. நாங்கதான்."

"யார்டுல டாக்டர் வந்து பாத்ததுண்டா?"

"ஒரு வாட்டி வந்தாரு. ஆம்பளைங்கள வரிசையா நிக்க வச்சு குழாய்ல ஊதச் சொன்னாரு. எங்கள அந்தாண்ட போய் கூட்டச் சொன்னாங்க."

காகிதத்தை என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் திருப்பினார்.

"இது எங்கேயோ கரி யார்டுல கூட்டுற பொம்பளைங்களப் பத்தினது. இதுவும் அப்படித்தான். ரெண்டையும் மிஷின் அடியில தள்ளிட்டுது."

"ஏன்?"

"நான் கத்துக்குடுத்தது. மொதல்ல அடுப்புப் புகைய எழுதுனதெல்லாம் நிறைய வந்துது. வேண்டாம் வேண்டாம்னு தள்ளுனேன். அதுல எல்லாம் பொம்பளை, வீடு, மூச்சுன்னு வார்த்தை. பொம்பளைன்னு வந்தா கழிசல்னு அது புரிஞ்சுக்கிட்டுது."

எனக்குக் கோபம் வரவில்லை. யார்டில் மனுஷர்கள் செய்ததை இது செய்தது. ஆனால் யார்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டைரக்டர் தலையில் கை வைத்தார். "அப்ப மிஷினைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"எதுக்கு? தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. உமக்கு யாராவது தப்பாச் சொல்லிக்குடுத்தா உம்மத் தூக்கிப் போடுதாங்களா?"

அந்தம்மா அந்த இரண்டையும் வேண்டும் என்று மிஷினுக்குக் காட்டினார். அந்த மாதிரி இன்னும் தேடிக் காட்டினார். திரும்ப வரிசை போடச் சொன்னார். கூட்டுகிறவர்கள், கரி பொறுக்குகிறவர்கள், யார்டுக்குப் பின்னால் குடியிருக்கிறவர்கள் எல்லாம் அடியிலிருந்து மேலே வந்தார்கள். மேலே இருந்தது எல்லாவற்றையும் அவரே படித்தார். கீழே இருந்ததைக் குலுக்கிக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். நல்லது ஒன்றும் வராத வரைக்கும் எடுத்தார். அப்புறமும் நிறைய மிச்சம் இருந்தது. அது அவர் படிக்காதது.

"படிச்சுத் தள்ளுனத ஒரு பக்கம் கட்டு. படிக்காமத் தள்ளுனதத் தனியாக் கட்டு. கலக்காத. அதுல ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும்" என்றார்.

"அதை எதுக்கு மேடம் சொல்லிக்காட்டணும்?" என்றார் டைரக்டர்.

"நாம சொல்லாட்டா யார்டுக்காரன் சொல்லுவான்."

விசாரணை பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கவர்மெண்ட் ஆபீசில். டைரக்டர் காரில் ரிப்போர்ட்டோடு போனார். அந்தம்மா கட்டுகளோடு வந்தார். எங்கள் மீன்பாடி வண்டியில். கட்டு சரியாமல் இருக்க நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பீச் ரோட்டில் கன்டெயினர் லாரிகளுக்கு நடுவே என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

கேட்டில் இருந்த காவலாளி கட்டுகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் என் எழுத்து. கழிசல். கழிசல். கழிசல்.

"இன்னாமா இது? ஆபீசருங்களத் திட்டி போர்டு எழுதிக்கினு வந்துகீறீங்களா? தர்ணாவா?"

"இல்லப்பா, இது வேணாம்னு கழிச்ச பேப்பரு" என்றேன்.

"வேணாம்னா பேப்பர் கடைக்குப் போடு. இங்க எதுக்கு?"

"மாமு, டாக்டரம்மாவ நீ கேட்டேன்னு வையி, உன்ன உக்கார வச்சு வெளக்கும். உட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர்.

விட்டுவிட்டான்.

யார்டு தரப்பில் ஒரு நிபுணர் வந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். அவர் ரிப்போர்ட் மெலிசாக இருந்தது. சில ஆராய்ச்சிகளைச் சொல்லி, தெருவில் இருக்கிறவர்களுக்குக் கெடுதல் என்று நிரூபணம் இல்லை என்றார். நாங்கள் பின்னால் நின்று கேட்டோம். அப்புறம் நிபுணர் அந்தம்மாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார். ஆபீசர் அங்கே தமிழில்தான் பேசினார்.

"நீங்க மிஷின வச்சுப் பிரிச்சிருக்கீங்க. எல்லாத்தையும் நீங்க படிக்கல. சரிதானே?"

"சரி. படிக்காதது அந்த நாலு கட்டு. உம்ம இஷ்டத்துக்கு எடுத்துப் பாக்கலாம்."

அவர் எழுந்து வந்தார். கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். இன்னொன்று. அதையும் வைத்தார். குனிந்து அடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தார். வெகுநேரம் எடுத்தார். ஒன்றில் நின்றார். அதை அந்தம்மாவிடம் நீட்டினார்.

அந்தம்மா நின்றபடியே படித்தார்.

"இது உள்ள வரணும்" என்றார். "எங்க தப்பு. வேண்டியது."

யார்டுக்காரர் ஆட்கள் சிரித்தார்கள். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நிபுணர் ஆபீசரைப் பார்த்தார். "இவங்க வாயாலயே சொல்லிட்டாங்க சார். இந்த ரிப்போர்ட்டை எப்படி நம்பறது?"

"இந்த ஆராய்ச்சி என்ன சொல்லுது, அதையும் சொல்லும்" என்றார் அந்தம்மா.

நிபுணர் தன் நாற்காலிக்குப் போனார். ஆபீசர் வாங்கிப் பார்த்தார். "யார்டு பக்கத்துல இருக்கற ஸ்கூல் பசங்களுக்கு இழுப்பு அதிகம்னு போட்டிருக்கு" என்றார்.

"சேத்துக்கிடுதேன்" என்றார் அந்தம்மா. பேனாவை எடுத்து அந்தக் காகிதத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு நிபுணர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீரு தள்ளுனது எங்க?"

"என்னது?"

"உம்ம ரிப்போர்ட்டுல கொஞ்சம் ஆராய்ச்சி இருக்கு. மிச்சத்தப் பாத்துத் தள்ளியிருப்பீருல்லா. அந்தக் கட்டக் காட்டும். நானும் அடியிலேர்ந்து எடுத்துப் பாக்கேன்."

"அது... எங்க அனுபவத்துல முக்கியமானத எடுத்திருக்கோம்."

"தள்ளுனது?"

அவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் அவரைப் பார்த்தார். "இருக்கா சார்?" என்று கேட்டார். நிபுணர் தண்ணீர் குடித்தார். அடுத்த விசாரணைக்குக் கொண்டுவரச் சொன்னார் ஆபீசர்.

அடுத்த விசாரணைக்கு நிபுணர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று வக்கீல் சொன்னார். குவியலைச் சுற்றிலும் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மூடினார்கள். தகரம் அடித்து மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. போட்டோ எடுத்து ஆபீசருக்கு அனுப்பினார்கள். டைரக்டர் லட்டு வாங்கிவந்தார். அந்தம்மா கையில் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, உன் வீட்டுக் கொடியில துணி எப்படி இருக்கு?"

"கருப்பாத்தான் இருக்கு."

செருப்பை மாட்டினார். நானும் போனேன். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார்.

யார்டு கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டினான். "தோ பாருங்கம்மா, சொன்ன மாதிரியே மூடிட்டாங்க. எம்மாம் பெரிய தகரம்."

"மூடுனதப் பாத்தாச்சு. மூடாதது எந்தப் பக்கம்?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதும்மா. உள்ள உட பர்மிசன் இல்ல."

"சரி. நிக்கேன்."

நின்றார். நாங்களும் நின்றோம். லாரி வந்தது. ஹாரன் அடித்தது. அந்தம்மா நகரவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். எல்லாம் என்னோடு கூட்டினவர்கள். ஒருத்தி துடைப்பத்தைக் கீழே போட்டாள். வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இன்னொருத்தி வந்தாள். பின்னால் இரண்டு லாரி சேர்ந்துவிட்டது.

வாட்ச்மேன் போனை எடுத்தான், வைத்தான். "பேஜாரு பண்ணாதீங்கம்மா. எம்மா நேரம் நிப்பீங்க? என் வேல பூடும்."

அந்தம்மா முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்தார். வெள்ளைப் புடவை. கருப்பாக வந்தது. அதை விரித்து அவனிடம் காட்டினார்.

அவன் தோளில் துண்டு இருந்தது. அதை உருவினான். அப்புறம் தன் மூக்கைத் துடைத்தான். துண்டைப் பார்த்தான்.

சாவியை எடுத்தான்.